குயின் ஸ்குவேர் இழைமணி நோய் கிளினிக்: அம்மாவோடு போய் வந்த அனுபவம்

எங்கள் வீட்டில் சீனி வருத்தம் புதினமில்லை. அம்மம்மாவுக்கு இருந்தது. அம்மாவுக்கு நாற்பது வயதில் வந்தது, யாழ்ப்பாணத்திலுள்ள சின்னம்மாவுக்கும் வந்தது. மூவருக்கும் காதும் மந்தம், மூவரும் ஒல்லி. தமிழ்ச் சனத்துக்கு இது வழமைதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம், பார்த்த டொக்டர்மாரும் விட்டுவிட்டார்கள். சீனிக்கு ஒரு ஆஸ்பத்திரி, காதுக்கு இன்னொன்று. இரண்டையும் சேர்த்து யோசிக்கப் பன்னிரண்டு வருடமாக ஒருவரும் இல்லை. கடைசியில் அம்மாவின் கண்ணைச் சோதித்த டொக்டர்தான் விழித்திரையில் ஏதோ கண்டு சந்தேகப்பட்டு, லண்டன் குயின் ஸ்குவேரிலுள்ள நரம்பியல் ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் இழைமணி (மைற்றோகொண்ட்ரியா) என்று படித்தோமே, கலங்களுக்குச் சக்தி தரும் சின்ன உறுப்பு, அதில் வரும் அரிய நோய்களுக்கென்றே இங்கிலாந்தின் அரச மருத்துவச் சேவையான என்எச்எஸ் 2007இல் லண்டன், ஒக்ஸ்போர்ட், நியூகாசில் ஆகிய மூன்று இடங்களில் தனிச் சேவை தொடங்கியது. காசில்லை. ரேனர்ஸ் லேனில் ரெயின் ஏறினால் மாறாமல் ரசல் ஸ்குவேரில் இறங்கலாம்.

முதல் நாள் டொக்டர் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து எங்கள் குடும்பத்தைக் கீறினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். யாருக்குச் சீனி, யாருக்குக் காது என்று அம்மா சொல்லச் சொல்ல, பேனாவால் கறுப்பாக்கினார். அம்மம்மாவின் வட்டத்திலிருந்து கறுப்பு கீழே இறங்கியது. மாமாவின் சதுரமும் கறுப்பு, ஆனால் அவருடைய மூன்று பிள்ளைகளும் வெள்ளை. இழைமணி தாயிடமிருந்து மட்டும்தான் வரும் என்று விளக்கினார்.

அம்மா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான்தான் என்ர பிள்ளையளுக்குக் குடுத்தனானோ?"

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு, கதிரையை அம்மாவின் பக்கம் திருப்பினார். கேட்காத காதுப் பக்கத்தை விட்டு மற்றப் பக்கம் வந்து இருக்கும்படி மொழிபெயர்க்கும் பிள்ளைக்குச் சொன்னார். அப்புறம் மெதுவாகப் பேசினார். யாரும் தெரிந்து செய்கிற காரியமில்லை என்று அம்மா விளங்கிக்கொள்ளும்வரை எழும்பவில்லை. ஐந்துக்கு ஐந்து நான் போடுவது அந்த அரை மணித்தியாலத்துக்குத்தான்.

இரத்தத்தோடு சலமும் கேட்டார்கள். இழைமணியின் டிஎன்ஏயில் அவர்கள் தேடும் மாற்றம் வயது போகப் போக இரத்தத்தில் குறைந்துவிடுமாம், சலத்தில் வரும் கலங்களில் நன்றாகத் தெரியுமாம். முடிவு வந்தது: 16,569 எழுத்துள்ள இழைமணி டிஎன்ஏயில் 3243ஆவது இடத்தில் ஏ இருக்க வேண்டியது ஜி ஆகியிருக்கிறது. சீனிக்கும் காதுக்கும் இதுதான் காரணம். எத்தனை வீத இழைமணியில் மாறியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள், உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். சிலருக்கு மூளையில் பக்கவாதம் போலவும் வரும்.

இந்த நோயைக் குணமாக்க மருந்து இன்னும் இல்லை. அதை மறைக்காமல் சொன்னார்கள். ஆனால் உடம்பில் லக்டிக் அமிலம் கூடலாம் என்று மெற்போர்மின் என்ற சீனிக் குளிசையை நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றினார்கள், இதயத்தைப் பார்த்தார்கள், காது கேட்க உள்ளே வைக்கும் கொக்ளியர் கருவி பொருத்தலாமா என்று பார்க்க அனுப்பினார்கள்.

தங்கச்சி பிள்ளை பெற யோசிக்கிறாள். வேறொரு பெண்ணின் முட்டையிலுள்ள நல்ல இழைமணியைக் கொண்டு கருவை உருவாக்க 2015இல் இங்கே சட்டம் வந்ததையும், நியூகாசிலில் அப்படி எட்டுப் பிள்ளைகள் பிறந்த செய்தி 2025 யூலையில் வெளியானதையும் அவளுக்கு ஆறுதலாக எடுத்துச் சொன்னார்கள். அவசரப்படுத்தவில்லை.

போக விரும்புகிறவர்கள் ஜீபியிடமோ (குடும்ப டொக்டர்) பார்க்கிற ஆஸ்பத்திரி டொக்டரிடமோ கடிதம் கேளுங்கள். சீனியும் காதும் தாய் வழியில் சேர்ந்தே வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சின்னம்மாவைப் பார்க்கும் டொக்டருக்கும் கிளினிக்கில் ஒரு கடிதம் எழுதித் தந்தார்கள். போன மாதம் யாழ்ப்பாணத்தில் அவருடைய மெற்போர்மினையும் நிறுத்தியாயிற்று.