முகத்துக்குப் பூசும் கிறீமுக்கு 18,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்: மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துப் பெண்கள் தயவுசெய்து வாசியுங்கள்

முகத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நேற்றுத்தான் தோல் கிளினிக்குக்குப் போய் வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று இருந்துவிடுவேன்.

போனது 18,500 ரூபாய். சீட்டுக் காசு. மூத்த மகளுக்கு சைக்கிள் வாங்க என்று எடுத்து வைத்திருந்தது.

இரண்டாவது பிள்ளை கிடைத்த பிறகு எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. கர்ப்ப காலத்து ஹோர்மோனும் வெயிலும் சேர்ந்தால் பலருக்கும் வருவதுதான். நான் ஆசிரியை. தினமும் காலையில் ஸ்கூட்டியில் கல்லடிப் பாலத்தைக் கடந்துதான் பாடசாலைக்குப் போகிறேன். பாலத்தில் ஏறினால் மேலே இருந்து ஒரு வெயில், வாவித் தண்ணீரில் பட்டு வருவது இன்னொரு வெயில். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினாலும் கன்னம் சுடும். மங்கு கூடிக்கொண்டே போனது. ‘என்ன டீச்சர், முகம் கறுத்துப் போச்சு?’ என்று கேட்காத ஆள் இல்லை. இரண்டு வருடமாக அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனம் விட்டுப்போனது.

அப்போதுதான் பேஸ்புக்கில் நேரலை போட்டு முகக் கிறீம் விற்கும் ஒரு பக்கத்தைப் பார்த்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்றை மூடினால் ஒன்பது பெயரில் திறப்பார்கள். நடத்துவது நம்முடைய பகுதிப் பெண்தான். என்னை விழுத்தியதும் அதுதான். கொழும்பில் இருந்து யாரோ விற்றிருந்தால் பத்துத் தரம் யோசித்திருப்பேன். இவர் நம் பாஷையில் கதைத்தார். வட்ஸ்அப்பில் முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் வொய்ஸ் வந்தது. ‘தங்கச்சி, இது குழந்தைப்பேறுக்குப் பிறகு வாற மங்கு, எனக்கும் இருந்ததுதான். நீங்க ஒண்டுக்கும் பயப்பிடாதீங்க. சின்னவருக்கு இப்ப எத்தின வயசு? பால் குடிக்கிறாரா?’ என்று கேட்டார்.

பிள்ளையைப் பற்றிக் கேட்டாரே, அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். ஒரு வியாபாரி என் பிள்ளையை ஏன் விசாரிக்க வேண்டும்? இரண்டு வயது, பால் மறந்துவிட்டான் என்றேன். ‘அப்ப பிரச்சினை இல்ல’ என்றார். பொறுப்பானவர் என்று நினைத்தேன். திரும்பவும் கர்ப்பமாக இருக்கிறேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு அனுப்பிய நான்கு சாமானில் ஒன்று விட்டமின் ஏ வகையான ரெட்டினோல் சீரம். ரெட்டினோல் வகை எதையும் கர்ப்பிணிகள் பூசக் கூடாது என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். விற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பொருள் வந்த பிறகு காசு தருகிறேன் என்றேன். ‘இது கடைச் சாமான் இல்ல தங்கச்சி, உங்கட தோலுக்கெண்டு கலந்து தாறது, முழுக்காசும் முதல்ல போடணும்’ என்றார். போட்டேன். 18,500. பில் கேட்டபோது, ‘வங்கி ஸ்கிரீன்ஷொட் இருக்குத்தானே, அதுதான் பில்’ என்றார்.

கூரியரில் வந்தது ஒரு வெள்ளை டப்பா ‘நைட் கிறீம்’, ஒரு சிறிய போத்தல் ‘பீல்’ (தோலின் மேல்படையை உரிக்கிற அமிலம்), விட்டமின் சி, இந்த ரெட்டினோல். டப்பாவின் லேபல் வீட்டுப் பிரிண்டரில் அடித்தது. ஈரக்கையோடு பிடித்தேன், பெயர் கலைந்து விரலில் மை ஒட்டியது. என்ன சேர்த்திருக்கிறது என்று இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, காலாவதித் திகதி இல்லை, செய்தவர் முகவரி இல்லை. பீல் போத்தலில் மார்க்கர் பேனையால் ‘ஜீஏ 30’ என்று மட்டும் எழுதியிருந்தது. 30 மில்லிலீற்றர் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கண்ணை மூடிக்கொண்டு பூசவில்லை. காதுக்குப் பின்னால் மூன்று நாள் பூசிப் பார்த்தேன். கடிக்கவில்லை, சிவக்கவில்லை. பிறகுதான் முகத்தில் பூசினேன்.

ஒரு கிழமைக்குள் முகம் மாறத் தொடங்கியது, பத்தாம் நாள் எல்லோரும் கேட்டார்கள். தோல் மெழுகு மாதிரி வழுவழுவென்று, மங்கு பாதிக்கு மேல் மறைந்து, பருத் தழும்பு கூடத் தெரியவில்லை. ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேருக்கு அந்த நம்பரை நானே கொடுத்தேன். அவர்களில் ஒருவர் வாங்கிவிட்டார். அதை நினைக்கத்தான் எனக்குக் காசை விடவும் வயிறு எரிகிறது.

இரண்டாவது சனிக்கிழமை இரவு பீலைத் தொடங்கச் சொன்னார். இருபது நிமிடம் வைத்துக் கழுவ வேண்டுமாம். இரண்டாவது நிமிடத்திலேயே மிளகாய் அரைத்த கையால் முகத்தைத் தொட்ட மாதிரி எரிந்தது. வொய்ஸ் போட்டேன். ‘எரிஞ்சாத்தான் வேலை செய்யுது எண்டு அர்த்தம், கழுவிராதீங்க’ என்று பதில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழெட்டு நிமிடம் இருந்தேன். முடியாமல் ஓடிப்போய்க் கிணற்றுத் தண்ணீரை வாளியோடு முகத்தில் ஊற்றினேன். காலையில் வாய் ஓரத்திலும் மூக்கின் பக்கத்திலும் கொப்புளம். கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி எழும்பி நின்றது. அம்மா பார்த்துவிட்டு, ‘என்ன மனே, அடுப்பில முகத்தக் குடுத்தியா?’ என்று கேட்டார்.

பயந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினேன். அப்புறம்தான் பெரிய கூத்து. நான்காம் நாள் முகம் முழுக்கச் சிவந்து வீங்கியது. சின்னச் சின்னச் சீழ்ப் பரு, தொட முடியாத சூடு. அடுப்படியில் நிற்க முடியவில்லை. பாலத்தில் போனால் காற்றுப் பட்டாலே கண்ணீர் வரும். சின்னவன் என் கன்னத்தில் கன்னம் வைத்துத்தான் தூங்குவான். அவனைத் தள்ளித் தள்ளிப் படுக்க வைத்தேன். ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை, அழுதான்.

இனி அந்தப் பெண்ணை மரியாதையாக ‘அவர்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: ‘இது பேர்ஜிங், அழுக்கெல்லாம் வெளிய வருது, தொடர்ந்து பூசுங்க.’ இரண்டாவது: ‘சன்ஸ்கிறீன் போட்டிருக்க மாட்டீங்க.’ போட்டேன் என்றேன். ‘அப்ப வேற ஏதோ கிறீம் கலந்திருப்பீங்க.’ இல்லை என்றேன். ‘500 பேருக்குக் குடுத்திருக்கன், உங்களுக்கு மட்டும்தான் இப்பிடி. உங்கட தோல்தான் பிழை.’ காசையாவது திருப்பித் தாருங்கள், 18,500 எனக்குச் சின்னக் காசு இல்லை என்று எழுதினேன். இரண்டு நாள் நீல டிக் மட்டும். கோல் எடுத்தால் வெட்டினாள். கணவரின் நம்பரில் இருந்து எடுத்தேன். ஒரு ஆண் குரல், ‘அவங்க பிஸி, இரிட்டேட் பண்ணாதீங்க’ என்று வைத்துவிட்டது. இரவு பார்த்தால் புளொக். என் முகத்தை எரித்துவிட்டு நான் தொந்தரவாம்.

பேர்ஜிங் என்பது முழுப் பொய் இல்லை, அதனால்தான் நம்மால் மறுத்துப் பேச முடிவதில்லை. ரெட்டினோல், அமில வகைகள் தொடங்கும்போது, வழமையாகப் பரு வரும் இடத்திலேயே சில கிழமைகளுக்குப் பரு கூடுவது உண்டு. ஆனால் எரிவு, வீக்கம், கொப்புளம், தண்ணீர் கசிவது, ஒருநாளும் பரு வராத இடத்தில் வருவது, இதெல்லாம் பேர்ஜிங் இல்லை. காயம்.

நேற்று லீவு போட்டுப் போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: ‘எத்தின நாளில வெளுத்தது?’ பத்து நாள் என்றேன். தலையை ஆட்டினார். டப்பாவைச் சோதிக்காமல் உள்ளே என்ன என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் முகத்தைப் பார்த்தால் ஸ்டீரொயிட் பூசி நிறுத்திய முகம் என்றார். க்ளோபெட்டசோல், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருக்கிறதாம். நல்ல மருந்துகள்தான், எக்ஸிமாவுக்கு டொக்டர்மாரே எழுதுவார்கள். க்ளோபெட்டசோல் அந்த வகையிலேயே மிகக் கடுமையானது. முகத்துத் தோல் மெல்லியது, மருந்தை நிறைய உறிஞ்சும். பூசியதும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், சிவப்பு போகும், முகம் வெளுத்துத் தெரியும். அந்தப் ‘பத்து நாள் பளபளப்பு’ இதுதான். தொடர்ந்தால் தோல் மெலியும், சின்னச் சிவப்பு இரத்தக் குழாய்கள் தெரியும், பரு வரும், முகத்தில் மயிர் முளைக்கும், கண்ணுக்குப் பக்கத்தில் நீண்ட நாள் பூசினால் கண் அழுத்தமும் கூடலாம். திடீரென்று நிறுத்தினால் சுருங்கிய குழாய்கள் மொத்தமாக விரியும். நான் இப்போது அந்த இடத்தில் நிற்கிறேன். சரியாக மாதக்கணக்கு ஆகலாமாம்.

காதுக்குப் பின்னால் பூசிப் பார்த்தேனே என்று கேட்டேன். அந்தச் சோதனை அலர்ஜியையும் எரிச்சலையும்தான் காட்டும், ஸ்டீரொயிட் எரிச்சலை அமத்துகிற சாமான், அது சோதனையில் நன்றாகப் பாஸாகும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கவனமாக இருக்கிறேன் என்று நினைத்து நான் செய்த ஒரே ஒரு காரியமும் எனக்கு எதிராகவே வேலை செய்திருக்கிறது.

போத்தலையும் காட்டினேன். அது 60 மில்லிலீற்றர்ப் போத்தல் என்று அடியில் அச்சாகியிருந்ததை அவர்தான் திருப்பிக் காட்டினார். அப்படியென்றால் ‘ஜீஏ’ என்பது கிளைக்கோலிக் அசிட், அந்த 30 பெரும்பாலும் அந்த அமிலத்தின் வீதம். வீட்டில் பூசுகிற கிளைக்கோலிக்குக்கு 10 வீதத்துக்கு மேல் வேண்டாம், பிஎச் (குறையக் குறைய அமிலம் கடுமை) 3.5க்குக் கீழே போக வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நிபுணர் குழு ஒன்றின் அளவு. 30 வீதம் என்பது பயிற்சி உள்ளவர் கொஞ்ச நேரம் மட்டும் வைத்துக் கழுவி எடுக்க வேண்டியது. அதை ஸ்டீரொயிட்டால் பலவீனப்பட்ட தோலில் இருபது நிமிடம் வைக்கச் சொல்லியிருக்கிறாள். கொப்புளம் வந்த பிறகும் கழுவாதே என்று சொல்லக்கூடியவள்.

சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதித் தந்தார். இப்படியான வெளுப்புக் கிறீம்களில் பாதரசம் கலந்திருப்பதும் உண்டு, அது தோல் வழியாக ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தலையணை, துவாய், கன்னத்தோடு கன்னம் வைப்பது என்று வீட்டில் மற்றவர்களுக்கும், பிள்ளைகளுக்கும் போகும். இதைக் கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது. சிறுநீரில் புரதம் இல்லை, அதாவது சிறுநீரகம் பாதித்த அடையாளம் இல்லை என்று வந்த பிறகுதான் மூச்சு வந்தது. பின்னேரம் வந்ததும் தலையணை உறை எல்லாவற்றையும் எறிந்தேன். பாதரசம் கலந்த கிறீம்களை 2020உடன் நிறுத்த வேண்டும் என்பது பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையில் இருந்தது, அப்போது வைத்த எல்லை 1 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. இலங்கையும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் லேபலே இல்லாத டப்பாவை யார் எங்கே பிடித்துச் சோதிப்பது?

என்ன செய்ய வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் தொடங்கினேன். முகம் எரிகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே என்ன, எத்தனை வீதம் என்று எழுதாத எதையும் பூசாதீர்கள். ‘உங்களுக்கென்று கலந்தது’ என்றால் வாங்காதீர்கள். பத்து நாளில் வெளுத்தால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். எரிந்தால் யாரிடமும் கேட்காமல் உடனே கழுவுங்கள். கனநாள் பூசியவர்கள் என்னை மாதிரி ஒரேயடியாக நிறுத்தாமல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே தோல் கிளினிக்குக்குப் போங்கள், குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டி இருக்கலாம். அரச வைத்தியசாலையில் காசு இல்லை. பில் இல்லாமல் காசு போடாதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, ஆனால் முறையிடப் போனால் பில்லும் விற்றவர் முகவரியும் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. 18,500 ரூபாய்க்கு ஒரு ஸ்கிரீன்ஷொட் மட்டும் இருக்கிறது.

இன்றைக்கே எழுத வேண்டி வந்தது ஏன் என்றால், நேற்றிரவு மச்சாளின் போனில் அதே பக்கத்தின் நேரலையைப் பார்த்தேன். அதே வெள்ளை டப்பா. ஒரு தாய் கேட்கிறார்: ‘மகளுக்கு 13 வயசு, அடுத்த மாசம் சாமத்திய வீடு, அவவுக்குப் பூசலாமா?’ இவள் சிரித்துக்கொண்டு சொல்கிறாள்: ‘தாராளமாப் பூசுங்க, என்ட மகளுக்கும் இதுதான் பூசுறன்.’ மச்சாளின் போனில் இருந்து வேண்டாம் என்று எழுதினேன். ஒரு நிமிடத்தில் அழித்துவிட்டாள். அந்தத் தாயின் பெயரை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் சாமத்திய வீடு வைத்திருப்பவர்கள் யாரையாவது தெரிந்தால், இதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.