பிறையில் ஒரு பிக்கப் பட்டறை: 287,000 கிலோமீட்டர் ஓடிய ஹைலக்ஸை ஒப்படைத்த அனுபவம்

கல்யாணச் சமையலுக்கு அண்டா, அடுப்பு, கேஸ் சிலிண்டர் ஏற்றிச் செல்வதற்காகக் கடந்த ஆண்டு இறுதியில் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் வாங்கினேன். 2010ஆம் ஆண்டு வண்டி, 2.5 லிட்டர் டி-4டி டீசல் எஞ்சின், மேனுவல் கியர், நான்கு சக்கர இயக்கம். மீட்டரில் 287,000 கிலோமீட்டர் காட்டியது. கேமரன் மலையில் காய்கறி ஏற்றிய வண்டி என்பதைத் தவிர விற்றவரிடம் வேறு விவரம் எதுவும் இல்லை. பெயர் மாற்றத்திற்காக, வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோம் செய்யும் பி5 பரிசோதனையில் வண்டி தேறிவிட்டது. ஆனால் பிரேக், புகை, அடிப்பகுதி, சேசிஸ் எண் போன்றவற்றைப் பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனையின் வேலை. எஞ்சினைத் திறந்து பார்ப்பது அன்று. ஆகவே தைப்பூசத்திற்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குச் சாமான் ஏற்றுவதற்குள் முழுப் பராமரிப்பு செய்துவிட வேண்டும் என்று, உறவினர் ஒருவர் சொன்ன பிறைப் பட்டறையில் வண்டியை விட்டேன்.

ஒரே நேரத்தில் இரண்டு வண்டிக்கு மேல் எடுக்க இயலாது என்பதால், பெயரை எழுத வேண்டாம் என்று பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டார். தொழிற்பேட்டைப் பக்கம் பிக்கப் மட்டுமே பார்க்கும் பட்டறை எது என்று விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

பராமரிப்புச் சீட்டு ஏதேனும் இருக்கிறதா என்பதே அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றேன். "கணக்கு இல்லாத வண்டிக்கு இன்னைக்குத்தான் முதல் நாள், தம்பி" என்று சொல்லி, ஒரு பழைய நோட்டில் வண்டி எண்ணையும் மீட்டரையும் எழுதிக்கொண்டார். எதை மாற்றுவது, எதை விடுவது என்பதைத் திறந்து பார்த்து, என்னிடம் காட்டி, அதன் பிறகே முடிவு செய்தார். இந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பதற்கு அதுவே காரணம்.

முதலில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட். இந்த எஞ்சினில் அதற்குச் செயின் கிடையாது. 150,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்ற வேண்டும். ஒருமுறை மாற்றியாகிவிட்டது, அடுத்ததற்கு இன்னும் 13,000 பாக்கி இருக்கிறது என்று விற்றவர் கணக்குச் சொல்லியிருந்தார். பெல்ட்டை மாற்றச் சொல்லும் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லையே என்று நானும் கேட்டேன். பெல்ட்டைத் தொடாமலேயே அந்த விளக்கை அணைத்துவிட முடியும் என்று விளக்கிவிட்டு, மேல்மூடியைக் கழற்றிக் காட்டினார். பெல்ட்டின் ஓரம் பிசிறாகி நூல் வெளியே தெரிந்தது. மேலே கேம் ஷாஃப்ட் சீலிலிருந்து கசிந்த எண்ணெய் அதன் மீது படிந்திருந்தது. ஓடும்போது அது அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன்கள் வால்வுகளை முட்டும், எஞ்சினின் மேற்பகுதி முழுவதும் செலவில் வந்து நிற்கும். பினாங்குப் பாலத்தின் நடுவில், பின்னால் சாமானும் அருகில் சமையற்காரரும் இருக்கும்போது அது நேர்ந்திருந்தால் என்று நினைக்கவே மனம் பதறியது. பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், சீல் மூன்றும் மாற்றப்பட்டன. வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள் என்று நான் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். அது வேறு பெல்ட்டில் ஓடுகிறது, கசிவும் இல்லை, தேவைப்படும் நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

அடுத்து அவர் செய்ததை, வண்டி வாங்கும் எவரும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். இந்த டி-4டி எஞ்சின்களில், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்தால், எரிந்த வாயு எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதைக் கரியாக்கிவிடும். அந்தக் கரி கீழே இறங்கி, எண்ணெயை உறிஞ்சும் வடிகட்டியை அடைத்துக்கொண்டால் பேரிங்கிற்கும் டர்போவுக்கும் எண்ணெய் போகாது. எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் சம்பைக் கழற்றி அந்த வடிகட்டியை என் கையில் கொடுத்தார். டீ வடிகட்டி அளவுள்ள கம்பிவலையில் ஏறக்குறைய பாதியை, டீத்தூள் போன்ற கரிக்கட்டிகள் மூடியிருந்தன. விரலால் நசுக்கினால் அவை நொறுங்கின. புது வடிகட்டி, நான்கு இன்ஜெக்டருக்கும் புது வாஷர், ஏறத்தாழ 7 லிட்டர் புது எண்ணெய் என்று அந்த வேலை முடிந்தது. இன்ஜெக்டர்களையே மாற்றச் சொல்வாரோ என்று அஞ்சினேன். அவரோ ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு புட்டியை மாட்டி, திரும்பி வரும் டீசலை அளந்து பார்த்தார்; இன்ஜெக்டர் தேய்ந்திருந்தால் அது கூடும். மூன்றாவது புட்டியில் மட்டும் சற்றுக் கூடுதல். வரம்புக்குள் இருப்பதால் விட்டுவிடலாம் என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) மிஞ்சியது.

டீசல் வடிகட்டியின் அடியிலிருந்து வடித்ததை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தார். சற்று நேரத்தில் அடியில் இரண்டு விரற்கடை நீர் தனியாகத் தெரிந்தது. மலேசியாவில் 2019 முதல் 10 விழுக்காடு செம்பனைப் பயோடீசல் கலந்த டீசல் விற்பனையில் இருக்கிறது; அது ஈரத்தை இழுக்கும், பழைய தொட்டியின் அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும் என்பதால், முதல் சில மாதங்களுக்கு வடிகட்டியை அடிக்கடி பார்க்கச் சொன்னார். கியர், டிரான்ஸ்ஃபர், முன்பின் டிஃபரன்ஷியல் எண்ணெய்கள், கூலண்ட், பின் பிரேக் ஷூ எல்லாம் வழக்கம்போல் மாற்றப்பட்டன. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டிற்குக் கிரீஸும் அடித்தார்.

மொத்தம் 3,420 வெள்ளி ஆயிற்று. ஒவ்வொரு பொருளுக்கும் விலையும் கூலியும் தனித்தனியாக எழுதிய ரசீது கொடுத்தார். கழற்றிய பாகங்கள் அனைத்தையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

குறையும் இருக்கிறது. மூன்று நாளில் முடியும் என்றது ஆறு நாளாயிற்று. நான்காம் நாள் முழுவதும் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அந்த வாரம் நான் 250 வெள்ளி கொடுத்து வாடகை லோரி பிடிக்க நேர்ந்தது. வேலை நீளும் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருப்பேன். வண்டியைத் தொழிலுக்கு நம்பியிருப்பவர்கள், சொன்ன நாளோடு ஒரு வாரம் சேர்த்து வைத்துக்கொண்டு விடுவது நல்லது.

தைப்பூசத்திற்கு வண்டி போய் வந்தது. பாலிக் பூலாவ் ஏற்றங்களிலும் சுமையோடு ஏறியது. 5,000 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றச் சென்றபோது பழைய ஃபில்டரை அறுத்துப் பிரித்துப் பார்த்தார், கரித்துகள் இல்லை. பின் பட்டை ஸ்பிரிங்கின் புஷ்கள் மட்டும் தேய்ந்திருக்கின்றன. ஆடி மாதத்தில் கல்யாணம் இருக்காது என்பதால், அந்த வேலைக்கு அப்போது ஒரு வாரம் வண்டியை விடுவதாக அவருடைய நோட்டில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.