முழுக்க வாங்குவதா, கால் பங்கோடு நுழைவதா?

எங்கள் கோவை பவுண்டரியிலிருந்து பம்ப் வார்ப்புகள் போகும் இத்தாலியப் பட்டறை ஒன்று போன வருஷம் விலைக்கு வந்தது. முதலாளிக்கு வயதாகிவிட்டது, வாரிசு இல்லை. மூன்று மாதம் பேசி, கால் பங்கு மட்டும் எடுத்தோம். அதுதான் சரி என்று இன்றும் சொல்வேன்.

இரண்டு வழிக்கும் பெரிய உதாரணம் 2007-லேயே உண்டு. டாடா ஸ்டீல், கோரஸ் என்ற பிரிட்டிஷ்-டச்சு எஃகு கம்பெனியை முழுக்க வாங்கியது. பஜாஜ் ஆட்டோ ஆஸ்திரியாவின் பைக் கம்பெனி கேடிஎம்மில் 14.5 சதவீதப் பங்கோடு நுழைந்தது. சந்தையும் தொழில்நுட்பமும் இரண்டிலுமே கிடைக்கும், அதை விடுங்கள்.

வாங்கிய பிறகு வரும் செலவுதான் விஷயம். கோரஸ் பங்கு ஒன்றுக்கு 455 பென்ஸ் (பிரிட்டிஷ் காசு) என்று தொடங்கிய டாடா, பிரேசிலின் எஃகு கம்பெனி சிஎஸ்என்னோடு ஏலத்தில் மோதி 608 பென்ஸில் முடித்தது. பெரும்பகுதி கடன். மறு வருஷமே உலக நெருக்கடி. விலையை விடவும் வலித்தது, கூடவே வந்த பழைய உலைகளும் ஓய்வூதியப் பொறுப்பும். 2016-ல் அதோடு வந்த ஸ்கன்தார்ப் எஃகு ஆலை வெறும் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2017-ல் ஓய்வூதியத் திட்டத்தைத் தன் பொறுப்பிலிருந்து பிரித்துவிட, அந்தத் திட்டத்துக்கே 55 கோடி பவுண்டும், பிரிட்டன் கிளையில் 33 சதவீதப் பங்கும் கொடுக்க வேண்டியிருந்தது. வேல்ஸில் இருக்கும் போர்ட் டால்பட் ஆலையின் கடைசி ஊதுலை 2024 செப்டம்பரில் அணைந்தது.

இந்தக் கதை தெரிந்திருந்ததால்தான் பட்டறைக் கணக்கில் ஒரு வரி கண்ணில் பட்டது: ஆட்கள் வேலையை விட்டுப் போகும்போது தர வேண்டிய தொகை. அது மட்டுமே கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்கு! அப்புறம் லேத் பெட்டில், அதாவது கடைசல் இயந்திரத்தின் அடித்தளத்தில், நகத்தை ஓட்டிப் பார்த்தேன். வேலைப் பொருளைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில், தேய்ந்த இடத்தில் நகம் தட்டியது. முழுக்க வாங்கியிருந்தால் இரண்டும் எங்கள் தலையில்.

பஜாஜ் மெல்ல மெல்ல 48 சதவீதம் வரை ஏறியது. 2012-ல் புனே பக்கம் சாக்கனில் பஜாஜ் செய்த கேடிஎம் பைக், 200 டியூக், சந்தைக்கு வந்தது. இந்த வழியிலும் குறை உண்டு, பிடி நம் கையில் இருக்காது. 2024 கடைசியில் கேடிஎம் திவால் நடவடிக்கைக்குப் போனது. 2025-ல் சுமார் 80 கோடி யூரோ இறக்கி பஜாஜ் கட்டுப்பாட்டை எடுத்தது. ஆனால் பதினேழு வருஷம் பழகிய பிறகு எடுத்த முடிவு அது.

என் அனுபவம் வார்ப்போடு சரி. டாடா மோட்டார்ஸ் 2008-ல் 230 கோடி டாலருக்கு முழுக்க வாங்கிய ஜாகுவார் லேண்ட் ரோவர் பிற்பாடு பல வருஷம் நல்ல லாபம் தந்தது. பெயரும் டிசைனுமே சொத்தான கம்பெனிக்கு அதுவே சரியான வழியாக இருக்கலாம். நான் செய்து பார்த்ததில்லை.

மீதிப் பங்கை விற்பதானால் முதலில் எங்களிடம்தான் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். அதற்குள் அந்த லேத்தை மாற்றுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.