செகண்ட் ஸ்டட்: கன்னா, ஆசாரியா, ஊசியா?

முதல் தடவை காது குத்தியபோது எனக்குப் பதினோரு மாதம். மாமா மடியில் உட்காரவைத்து வேலையை முடித்துவிட்டார்கள். இப்போது மடலில் இரண்டாவது ஓட்டை ஒன்று, மேல் குருத்தெலும்பில் ஒன்று என்று ஆசை வந்ததும், யாரிடம் போவது என்பதுதான் பெரிய கேள்வியாகிவிட்டது.

நகைக்கடையில் வைத்திருக்கும் கன்னைப் பற்றி, அதாவது காது குத்தும் துப்பாக்கி போன்ற கருவியைப் பற்றி, எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. காரணம் இருக்கிறது. கல்லூரி நாட்களில் ஒரு கடையில் இரண்டே நிமிடத்தில் குத்திக்கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் காலையில் தடவிப் பார்த்தால் பின்பக்கப் பூட்டைக் காணவில்லை. கழன்று விழுந்துவிட்டது என்று தலையணையை உதறித் தேடினேன். வீங்கிய மடலுக்குள் அது புதைந்து கிடந்தது! டாக்டர்தான் எடுத்துவிட்டார். ஓட்டை தூர்ந்துபோய், அந்த இடத்தில் இன்றும் கடுகு போல ஒரு கட்டி தட்டுப்படும். கன் செய்வது இதுதான்: அவ்வளவு கூர்மையில்லாத கம்பியை ஸ்பிரிங் வேகத்தில் சதைக்குள் அடிக்கிறது. கம்பியும் குட்டை, பூட்டும் இறுக்கம், வீங்கினால் இடமில்லை. பிளாஸ்டிக் கன்னை, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கவும் முடியாது. ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதோடு சரி.

ஆசாரி கதை வேறு. மெல்லிய தங்கக் கம்பியின் நுனியைக் கூராக்கி, அதையே செலுத்தி, அப்படியே வளையமாக முறுக்கிவிடுவார். வளையம் என்பதால் வீக்கத்துக்கு இடமுண்டு. 22 காரட் என்றால் 91.6 சதவீதம் தங்கம். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும்தான். கைப்பக்குவத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. இடிப்பது சுத்தம் விஷயத்தில்தான். கையுறை இருக்காது, கம்பியை எண்ணெயில் தொட்டுக் குத்துபவரும் உண்டு. “அந்தக் காலத்துல கொப்பு, முருகு எல்லாம் மேல் காதுல போட்டோமே, யாருக்கு என்ன ஆச்சு?” என்பார் அத்தை. யாருக்கு என்ன ஆனது என்று யாரும் எழுதிவைக்கவில்லையே, அத்தை.

பியர்சிங் ஸ்டுடியோவில் உள்ளீடற்ற ஊசி. ஒருவருக்கு ஒன்று, கண்ணெதிரே உறையைப் பிரிக்க வேண்டும். பேனாவால் புள்ளி வைத்துக் கண்ணாடியில் காட்டுவார்கள். எனக்கு இரண்டு முறை அழித்து வைத்தார்கள். வீக்கத்தை நினைத்து முதலில் நீளமான கம்பி, சில வாரம் கழித்துக் குட்டையானது. செலவு மற்ற இரண்டையும்விடக் கூடுதல், அதை மறைக்க வேண்டாம். உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியம் கேளுங்கள். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். அதில் நிக்கல் உண்டு. கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிற ஆளாக இருந்தால் இது முக்கியம்.

மடல் என்றால், சுத்தமாகச் செய்யும் ஆசாரியிடமே போகலாம் என்பேன். மேல் காதுக்கு ஊசி மட்டும்தான். குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. கிருமி புகுந்தால் மருந்து போய்ச் சேருவதும் கஷ்டம், காது சுருங்கி உருவமே மாறிவிடலாம். மடல் ஆற 6 முதல் 8 வாரம், மேல் காதுக்கு 6 மாதத்திலிருந்து ஒரு வருடம். அங்கே கன்னை வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

போகும் முன் வயிறாரச் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் போய் மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைக்கு முதல் நாளே குளித்துவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், காயம் தழும்பாகத் தடிக்கும் உடல்வாகு உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் ஹெல்மெட் மாட்டுகிறீர்களா, எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். நான் வலப்பக்கம் தூங்குகிறவள். அதனால் இரண்டையும் இடது காதிலேயே குத்திக்கொண்டேன்.

அப்புறம் 0.9 சதவீத உப்புநீர் போதும். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பங்குச்சி எதுவும் வேண்டாம். தோட்டைத் தினமும் திருகிவிடவும் கூடாது.

குத்தியது ஐப்பசியில். ஜிமிக்கி எப்போது போடுவாய் என்று அத்தை இப்போதே கேட்கிறார். மடலுக்குத் தை, மேல் காதுக்கு அடுத்த ஐப்பசி என்று சொல்லியிருக்கிறேன்.