வண்டி போச்சு, பேர் போகலை: ஆக்டேவியா ஆர்எஸ்ஸை எக்ஸ்சேஞ்சில் விட்ட கதை

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் வேகமான, கொஞ்சம் அபூர்வமான கார் வைத்திருந்தால் அதை ஷோரூம் எக்ஸ்சேஞ்ச் கவுன்டரில் தள்ளாதீர்கள். வேறு வழியில்லை, அங்கேதான் விடவேண்டும் என்றால், வாங்குபவர் பெயரும் தேதியும் இல்லாத ஃபார்ம் 29, 30-இல் (வண்டியைப் பெயர் மாற்றும் படிவங்கள்) கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்று தெரிய வேண்டுமென்றால் மேலே படியுங்கள். எந்த ஷோரூம் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

என்னிடம் இருந்தது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. தெரியாதவர்களுக்கு: பார்க்க சாதாரண குடும்ப செடான். உள்ளே 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 பிஎஸ் (குதிரைத்திறன்), 350 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). நின்ற இடத்திலிருந்து 100-ஐ ஏழு வினாடிக்குள் தொடும். 2017-இல் இந்தியாவுக்குக் கொஞ்சம்தான் வந்தது, வந்த வேகத்தில் விற்றும் போனது. என்னுடையது முதல் ஓனர் வண்டி, சர்வீஸ் புக்கில் ஒரு விடுதல் கிடையாது, டிங்கரிங் பெயின்ட் எதுவும் பார்த்ததில்லை.

அதை ஏன் விற்றேன்? தினம் வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டில் ஆபீஸ் போகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கொளப்பாக்கத்தில் ஆரம்பிக்கும் நெரிசலில் 230 குதிரையும் ஒரே இடத்தில் நின்று கனைத்துக்கொண்டிருக்கும். மைலேஜ் ஏழு, எட்டைத் தாண்டாது. பெட்ரோல் லிட்டர் நூறைத் தாண்டியாயிற்று. அதற்கு மேல் எல்லா பங்கிலும் எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். 2023-க்கு முந்தைய வண்டிக்காரர்களுக்கு அதில் உள்ள கவலை எனக்கும் இருந்தது. சரி, கிளட்ச் மிதிக்க வேண்டாத ஒரு 1.2 லிட்டர் ஏஎம்டி ஹேட்ச்பேக் எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்வருவோம் என்று முடிவெடுத்தேன். முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அதை விற்ற இடத்தைப் பற்றித்தான்.

வண்டியை மதிப்பிட வந்த பையன் கையில் ஒரு டேப். கம்பெனி, மாடல், வருஷம் போட்டால் விலை வரும். ஆக்டேவியா என்று போட்டான். பட்டியலில் ஆர்எஸ் என்று ஒன்றே இல்லை. "சார், 1.8 ஆட்டோமேட்டிக்னு போட்டுக்கறேன், ரெண்டும் பெட்ரோல்தானே?" என்றான். பெட்ரோல்தான். ஆனால் சாதாரண ஆக்டேவியாவின் 1.8 லிட்டருக்கும் இதற்கும் ஐம்பது பிஎஸ் வித்தியாசம், வாங்குகிற ஆளே வேறு. அத்தோடு விட்டானா? "இந்த வண்டியில டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் பிரச்சினை வரும் சார்" என்று அதற்கு ஒரு கழிவு. டிஎஸ்ஜி என்பது இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதில் பெயர் கெட்டுப்போனது ஏழு கியர் டிரை கிளட்ச் பெட்டி. அது இருப்பது 1.8-இல். ஆர்எஸ் 230-இல் இருப்பது எண்ணெயில் ஓடும் ஆறு கியர் பெட்டி, இரண்டும் வேறு வேறு. ஆக, அடுத்த வீட்டுப் பையனுக்கு வந்த காய்ச்சலுக்கு என் பையனுக்கு ஊசி போட்டுவிட்டார்கள்.

மதிப்பு 1.8-இன் விலைக்கே வந்தது, அதிலும் கழிவு போக. எக்ஸ்சேஞ்ச் போனஸ் நாற்பதாயிரம் தனி. வெளியே ஆர்எஸ் தேடுகிறவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஆனாலும் முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்கு வந்து டெஸ்ட் டிரைவ் கேட்பது, பேரம், ஏமாற்று இதையெல்லாம் நினைத்து, கொஞ்சம் நஷ்டமானாலும் தலைவலி இல்லை என்று ஒப்புக்கொண்டேன். ஷோரூம்காரர்கள் நம்மிடம் விற்பதே அந்த 'தலைவலி இல்லை'யைத்தான்.

டெலிவரி வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று வீட்டில் கண்டிப்பு. அம்மா, மனைவி, மாமியார் எல்லாரும் பட்டுப்புடவையில். புது வண்டிக்கு மாலை போட்டாயிற்று, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, பூசணிக்காயில் சூடம் ஏற்றக் காத்திருக்கிறார்கள். மணி பத்து அடித்துக் கொஞ்ச நேரத்தில் மேனேஜர் தோளில் கை போட்டு, "சார், ஒரு நிமிஷம்" என்று கேபினுக்கு அழைத்துப் போனார். "பழைய வண்டியை ஸ்கேனர்ல போட்டோம் சார். கியர்பாக்ஸ்ல ஒரு எரர் கோட் காட்டுது. யார்டுல அறுபதாயிரம் குறைச்சுட்டாங்க. டிஃபரன்ஸ் கட்டிட்டீங்கன்னா இப்பவே சாவி கொடுத்துடலாம்."

அந்த எரர் கோடைக் காட்டச் சொன்னேன். சிஸ்டம் யார்டில் இருக்கிறதாம். புது வண்டி என் பெயரில் பதிவாகிவிட்டது, லோன் பணம் அவர்கள் கணக்குக்குப் போய்விட்டது, கண்ணாடிக்கு வெளியே மாமியார் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர்கள் நேரம் பார்த்து அடிக்கிறார்கள். அப்புறம் விசாரித்ததில், டெலிவரி நாளில் இந்த 'ஸ்கேன்' கழிவு எனக்கு மட்டும் வந்ததில்லை என்று தெரிந்தது. அதே ஷோரூமில் எடுத்த என் ஆபீஸ் நண்பருக்கு 'சஸ்பென்ஷன் சத்தம்' என்று வந்திருக்கிறது. ஜிபேயில் அறுபதாயிரம் கட்டிய கையோடு ஒரு கட்டு பேப்பரை நீட்டினார்கள். ஃபார்ம் 29 இரண்டு, ஃபார்ம் 30, ஆதார், பான் நகல்கள். வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் காலி. "ஃபார்மாலிட்டி சார், நம்ம ஆர்டிஓ ஏஜென்ட் பார்த்துப்பார், ஒரு மாசத்துல பேர் மாறிடும்." பதிலுக்குக் கிடைத்தது லெட்டர்ஹெட்டில் 'வண்டியைப் பெற்றுக்கொண்டோம்' என்று நாலு வரி.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை நள்ளிரவு, போனில் எஸ்எம்எஸ். பரனூர் சுங்கச்சாவடியில் என் ஃபாஸ்டேக்கிலிருந்து பணம் எடுத்திருக்கிறது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, அடுத்த எஸ்எம்எஸ், ஆத்தூர் சாவடி. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கணக்குப் போடுங்கள், சராசரியே நூறுக்கு மேல். யார்டில் மூடி வைத்திருப்பதாகச் சொன்ன வண்டியில் எவனோ பாண்டிச்சேரிப் பக்கம் பறந்துகொண்டிருக்கிறான். காலையில் வங்கிக்குப் போன் போட்டு ஃபாஸ்டேக்கை மூடினேன். ஷோரூமில் கேட்டால், "கஸ்டமர் டெஸ்ட் டிரைவ் சார்." நள்ளிரவில்!

அடுத்து சலான். சென்னைக்குள் காருக்கு 60 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று 2023 நவம்பரில் வரம்பு வைத்தார்கள். அபராதச் சீட்டில் இருந்த படத்தில் என் வண்டி, என் நம்பர், வேகம் 112. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டாஷ்போர்டில் மகள் ஒட்டிவைத்த மஞ்சள் வாத்து இன்னும் அங்கேயே இருக்கிறது. ஓட்டுகிறவன் முகம் தெரியவில்லை. ஆர்சியில் (பதிவுச் சான்றில்) இருப்பது என் பெயர், எஸ்எம்எஸ் வருவதும் எனக்கு.

இது நடக்கும்போதே கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, ஆர்எஸ்ஸுக்கு நீங்கதானே ஃபர்ஸ்ட் ஓனர்? சர்வீஸ் புக்ல உங்க நம்பர் இருந்துச்சு. வண்டியை நம்பி எடுக்கலாமா?" விளம்பரத்தின் படத்தை அனுப்பச் சொன்னேன். 'ஒரிஜினல் ஆர்எஸ் 230, சிங்கிள் ஓனர், அடிபடாத வண்டி, கியர்பாக்ஸ் பட்டு மாதிரி.' விலை பதினைந்தே முக்கால் லட்சம். என்னிடம் எரர் கோட் காட்டிய அதே கியர்பாக்ஸ். விற்பவர் ஒரு புரோக்கர். அதாவது ஷோரூம் என்னிடம் 1.8 விலைக்கு எடுத்து, புரோக்கர் கைக்கு மாற்றி, அவர் ஆர்எஸ் விலைக்கு விற்கிறார். நடுவில் யாரும் தன் பெயருக்கு ஆர்சியை மாற்றவில்லை. மாற்றினால் ஒரு ஓனர் கூடிவிடும், விலை இறங்கும். நாம் போட்ட வெற்றுக் கையெழுத்தின் உபயோகமே இதுதான்.

பணம் போனால் போகட்டும் என்று விடலாம். விடமுடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கணக்கில் ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2007-இல் ஒருவர் காரை விற்றுவிட்டார், அது பல கை மாறியது, யாரும் பெயர் மாற்றவில்லை. 2009-இல் விபத்து. நஷ்டஈடு கொடுக்கவேண்டியவர் ஆர்சியில் பெயர் இருந்த அந்தப் பழைய ஆள்தான் என்று தீர்ப்பு. இப்போது என் ஆர்எஸ்ஸை நள்ளிரவில் ஓட்டியவன் திண்டிவனம் பக்கம் யார்மீதாவது ஏற்றியிருந்தால்?

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி, இன்சூரன்ஸ். கிளெய்ம் எடுக்காமல் ஓட்டிய வருஷங்களுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. 50 சதவீதம் வரை ஏறும், புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழித்துக்கொள்ளலாம், மூன்று வருஷம் வரை பத்திரமாக வைத்தும் இருக்கலாம். எனக்கு 50 சதவீதம் இருந்தது. ஷோரூம் போட்ட பாலிசியில் அதைப் பற்றி மூச்சே இல்லை. கேட்டபோது, "பழைய பாலிசியை கேன்சல் பண்ணிட்டு லெட்டர் வாங்கிட்டு வாங்க சார், அடுத்த வருஷம் போட்டுக்கலாம்" என்றார்கள். நல்லவேளையாக இன்சூரன்ஸ் தெரிந்த நண்பர் ஒருவர் தடுத்தார். பழைய வண்டி என் பெயரில் இருக்கும்போதே அதன் பாலிசியை ரத்து செய்தால், எவனோ ஓட்டும் என் பெயர் வண்டிக்குக் காப்பீடே இல்லாமல் போகும். அப்போது ஒரு விபத்து நடந்தால் வீட்டை விற்றுத்தான் கட்டவேண்டும். பேர் மாறிய பிறகு பாலிசியில் கை வையுங்கள். அதற்கு முன் யார் என்ன சொன்னாலும் வேண்டாம்.

எப்படி மீண்டேன் என்கிறீர்களா? முதலில் எழுத்தில் கொடுத்தேன். வண்டியை ஒப்படைத்த தேதி, அவர்களுடைய நாலு வரி லெட்டர், சலான் நகல் எல்லாம் வைத்து ஷோரூமுக்கும் என் ஆர்டிஓவுக்கும் பதிவுத் தபால். சட்டம் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவரே 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஷோரூம் அசையவில்லை. ஆனால் ஒரு நாள் புரோக்கரே கூப்பிட்டார். "சார், உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லிடுங்க, பேர் மாத்தணும்." வண்டியை வாங்க ஆள் கிடைத்துவிட்டார், இனி என் போன் இல்லாமல் காரியம் நடக்காது. முதல் முறையாகப் பிடி என் பக்கம் வந்தது. சலானைக் கட்டுங்கள், வாங்குகிறவர் பெயர், ஆதார் நகல் அனுப்புங்கள், ஃபார்மில் அவர் பெயரை நிரப்பிப் படம் அனுப்புங்கள், அப்புறம் ஓடிபி என்றேன். கத்தினார். வைத்துவிட்டேன். மறுநாள் எல்லாம் வந்தது. அடுத்த வாரம் அரசின் வண்டிப் பதிவுத் தளமான பரிவாகனில் பெயர் மாறியிருந்ததைப் பார்த்த பிறகுதான் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினேன். (யாராவது திடீரென்று கூப்பிட்டு ஓடிபி கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். எந்த வண்டி, யார் பெயருக்கு என்று தெரியாமல் ஒரு எண்ணும் வெளியே போகக்கூடாது.)

நீங்கள் இதையெல்லாம் படாமல் இருக்க ஒரு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்பவர் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். நீங்களும் அவரும் சேர்ந்து ஃபார்ம் 29சி வழியாக வண்டி கைமாறியதை ஆன்லைனில் தெரிவித்தால், அன்றிலிருந்து பொறுப்பு டீலருடையது. ஷோரூமில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். "எங்ககிட்ட அதெல்லாம் இல்ல சார்" என்றால் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸை மட்டும் காட்டி மயக்குவார்கள். பழைய வண்டியின் இறுதி விலையை, 'ஸ்கேன் முடிந்தது, இனி மாறாது' என்ற வரியோடு, லோன் பணம் போகுமுன் மெயிலில் வாங்குங்கள். ஆதார் நகலில் 'இந்த எண் வண்டியின் பெயர் மாற்றத்துக்கு மட்டும்' என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஃபாஸ்டேக்கை நீங்களே கிழித்து எடுங்கள். புது வண்டி பில்லில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'எசென்ஷியல் கிட்' என்று இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸை வெளியேயும் எடுக்கலாம், ஷோரூமிலேயே போடவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அறுபதாயிரத்துக்கும், என் பில்லிலும் இருந்த ஹேண்ட்லிங் சார்ஜுக்கும் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். ஷோரூமிலிருந்து 'வாடிக்கையாளர் சம்மதத்துடன்' என்று ஒரு வரி பதில். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய்தான், வக்கீல் கட்டாயமில்லை. ஜிபே ரசீது, மதிப்பீட்டு மெயில், புரோக்கரின் விளம்பரப் படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். நோட்டீஸ் போனதும் அதே மேனேஜர் கூப்பிட்டு, "சார், ரெண்டு ஃப்ரீ சர்வீஸ் தர்றோம், முடிச்சுக்கலாமா?" என்றார். புது வண்டிக்கு முதல் சில சர்வீஸுக்கு லேபர் எப்படியும் இலவசம்தான். முடிக்கவில்லை.