கிட் ஃபெட்ச்: ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்ப்பவனின் விமர்சனம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோடில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளின் ஃபெட்ச் கட்டளைக்கு ஐந்துக்கு நாலு. குறைந்த அந்த ஒன்றுக்குக் காரணம் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை. மெயின் ரோடு வரை வந்து நிற்கிறது, கேட்டால் "அடுத்த மாசம் சார்" என்கிறார்கள். அதுவரை போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் பிழைப்பு. தினம் இவ்வளவு ஜிபி என்று அளந்து கொடுக்கும் பிரீபெய்ட் பிளான், சாயங்காலமானால் படுத்துவிடும் வேகம். அலுவலகத்தில் நல்ல லைனில் உட்கார்ந்திருப்பவருக்கு நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி கண்ணிலேயே படாது. அவர் வேறு யாராவது எழுதிய விமர்சனத்தைப் படித்துக்கொள்ளலாம்.

கிட் பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் குழு இதே வேலைக்குப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச அனுமதி பறிபோக, 2005 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவசரமாக எழுதினார். அந்த ஜூலையிலிருந்து பராமரிப்பவர் ஜூனியோ ஹமானோ. இதில் ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். ஆனால் அடுத்தவர் செய்த மாற்றம் தானாக நம்மிடம் வராது. நாம் போய் எடுத்து வரவேண்டும். அந்த வேலையைச் செய்வது ஃபெட்ச்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, எடுத்து வந்ததோடு இது நிறுத்திக்கொள்வதுதான். ரிமோட்டில் (சர்வரில் இருக்கும் பொதுப் பிரதி) உள்ள மெயின் பிராஞ்ச் (முதன்மைக் கிளை) எங்கே நிற்கிறது என்பதை ஆரிஜின்/மெயின் என்று தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். என்னுடைய மெயின், திறந்து கிடக்கும் ஃபைல், பாதியில் நிற்கும் ஃபங்ஷன் எதையும் தொடாது. புல் என்ற இன்னொரு கட்டளை அப்படியில்லை. அது ஃபெட்ச் செய்த கையோடு மெர்ஜோ (வந்ததை நம்முடையதோடு இணைப்பது) ரீபேஸோ (வந்ததன் மேல் நம் மாற்றங்களை மறுபடி அடுக்குவது) செய்துவிடும். வாங்கி வந்த காய்கறியைக் கூடையோடு அடுக்களையில் வைப்பது ஃபெட்ச் என்றால், கேட்காமல் கொதிக்கிற குழம்பில் போட்டுவிடுவது புல். இப்போது புல்லும் கொஞ்சம் திருந்தியிருக்கிறது. 2021-இல் வந்த 2.33.1 பதிப்பிலிருந்து, நம் பிராஞ்சும் ரிமோட்டும் பிரிந்து போயிருந்தால், எப்படிச் சேர்ப்பது என்று நாம் சொல்லாதவரை அது மறுத்துவிடுகிறது. இருந்தாலும் என் கை பழகியது ஃபெட்சுக்குத்தான். ஃபெட்ச் போடுவேன், நடுவில் இரண்டு புள்ளி வைத்து நான் நிற்கும் இடமான ஹெட்டிலிருந்து ஆரிஜின்/மெயின் வரை லாக் (மாற்றங்களின் பட்டியல்) பார்ப்பேன், யார் எதை மாற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு மெர்ஜ்.

ஃபெட்ச் முடிந்ததும் வருகிற நாலைந்து வரிகளைப் பலர் படிப்பதே இல்லை. படிக்க வேண்டும். புது பிராஞ்ச் வந்தால் சொல்லும். வரி தொடக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் கடைசியில் 'ஃபோர்ஸ்டு அப்டேட்' என்றும் இருந்தால், யாரோ அந்த பிராஞ்சின் வரலாற்றையே மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதன் மேல் உங்கள் வேலை நிற்கிறது என்றால், டீ குடிக்கப் போகும் முன் அவரைக் கூப்பிட்டுப் பேசிவிடுவது நல்லது.

சரி, குறைகளுக்கு வருவோம். முதலில் சின்னது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு நாள் கூப்பிட்டாள்.

"அண்ணா, ஸ்டேட்டஸ்ல அப் டு டேட்னு காட்டுது. ஆனா நீங்க சொன்ன ஃபைலே இங்க இல்லையே?"

"கடைசியா எப்ப ஃபெட்ச் பண்ணினே?"

"அது... நேத்து காலைல."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டேட்டஸ் கட்டளை நெட்வொர்க் பக்கமே போகாது. கடைசி ஃபெட்ச் எதைக் குறித்து வைத்ததோ அதோடு ஒப்பிட்டுத்தான் பேசும். அந்த வடிவமைப்பு சரிதான், எனக்கும் அதுதான் வேண்டும். ஒவ்வொரு ஸ்டேட்டஸுக்கும் சர்வருக்கு ஓடினால் என் டேட்டா என்னாவது? ஆனால் 'ஃபெட்ச் செய்து இத்தனை மணி நேரம் ஆயிற்று' என்று பக்கத்தில் ஒரு வார்த்தை போட்டால் என்ன குறைந்துவிடும்? இப்போதைக்கு ஒரு குறுக்குவழி: டாட் கிட் ஃபோல்டருக்குள் ஃபெட்ச் ஹெட் என்று ஒரு ஃபைல் இருக்கும். அது கடைசியாக மாறிய நேரம்தான் உங்கள் கடைசி ஃபெட்ச் நேரம்.

டேட்டா செலவில் அன்றாடத்துக்கு இது உத்தமமான கருவி. என்னிடம் என்ன இருக்கிறது, எனக்கு என்ன வேண்டும் என்று சர்வரோடு பேசிவிட்டு, இல்லாததை மட்டும், அதையும் சுருக்கிக் கட்டி, வாங்கி வரும். குழுவின் ஒரு நாள் உழைப்பு பெரும்பாலும் சில கேபியில் அடங்கிவிடுகிறது. முன்பெல்லாம் பேச்சு ஆரம்பிக்கும்போதே, தன்னிடம் உள்ள எல்லா பிராஞ்ச், டேக் பெயர்களையும் சர்வர் ஒப்பிக்கும். ஆயிரக்கணக்கில் பிராஞ்ச் உள்ள ரெப்போவில் (கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கு) அந்தப் பட்டியலே கனமாகிவிடும். 2018-இல் 2.18 பதிப்போடு வந்த இரண்டாம் நெறிமுறையில், வேண்டிய பெயர்களை மட்டும் கேட்டு வாங்க முடிகிறது. இப்போதைய பதிப்புகளில் அதுதான் வழக்கம். பழைய உபுண்டுவில் பழைய கிட்டை வைத்துக்கொண்டு ஃபெட்ச் மெதுவாக இருக்கிறது என்று புலம்புபவர்கள் முதலில் அதை மாற்றுங்கள்.

இப்போது அந்த ஒரு மதிப்பெண். ஃபெட்ச் நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. எண்பது சதவீதத்தில் சிக்னல் போனால் அந்த எண்பதும் போச்சு. 'எர்லி இஓஎஃப்', 'இன்டெக்ஸ் பேக் ஃபெயில்டு' என்று இரண்டு வரி எழுதிவிட்டுக் கிளம்பிவிடும். மறுபடி பூஜ்யத்திலிருந்து. டேட்டா மட்டும் கணக்கில் கழிந்திருக்கும். பிரவுசரில் பாதியில் நின்ற படம்கூட விட்ட இடத்திலிருந்து இறங்குகிறது, இது இறங்காது. காரணம் இல்லாமல் இல்லை. நாம் கேட்கும்போதுதான் சர்வர் நமக்கென்று ஒரு பேக்கை (சுருக்கிக் கட்டிய மூட்டை) தயாரித்து ஒரே ஓட்டமாக அனுப்புகிறது. அடுத்த முறை அதே கேள்வியைக் கேட்டாலும் பைட்டுக்கு பைட் அதே பேக் வரும் என்று உறுதியில்லை. அதனால் 'பாதிக்கு மேல் கொடு' என்று கேட்க வழியில்லை. காரணம் புரிகிறது, எரிச்சல் தீரவில்லை.

தினமும் ஃபெட்ச் செய்பவருக்கு இது தெரியவே தெரியாது. நீண்ட லீவு முடிந்து வரும்போதும், யாரோ டிசைன் ஃபைல்களையும் வீடியோவையும் கமிட் செய்து (வரலாற்றில் பதிந்து) வைத்திருக்கும் ரெப்போவை முதன்முதலில் எடுக்கும்போதும்தான் கழுத்தைப் பிடிக்கும்.

இதற்குச் சில வைத்தியங்கள் உண்டு. நான் அதிகம் செய்வது, முதலில் டெப்த் ஒன்று என்று கொடுத்துக் கடைசி கமிட்டை மட்டும் எடுப்பது. அப்புறம் டீப்பன் என்ற ஆப்ஷனோடு ஃபெட்ச் போட்டு, சில நூறு கமிட்களாகப் பின்னோக்கி வரலாற்றை வாங்குவது. நடுவில் அறுந்தாலும் அந்தத் தவணை மட்டும்தான் போகும். கடைசியில் அன்ஷாலோ கொடுத்தால் மிச்சமும் வந்துவிடும். இன்னொன்று, ஃபில்டர் கொடுத்து பிளாப் (ஃபைல்களின் உள்ளடக்கம்) எதுவும் வேண்டாம் என்று சொல்லி எடுப்பது. கமிட் வரலாறு முழுக்க வரும், பழைய ஃபைல்களின் உள்ளடக்கம் தேவைப்படும்போது மட்டும் இறங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் நெட் இல்லாத நேரத்தில் பழைய கமிட் ஒன்றின் டிஃப் (என்ன மாறியது என்ற ஒப்பீடு) பார்க்க நினைத்தால் கையை விரித்துவிடும். எனக்கு அது ஒத்துவரவில்லை.

கெர்னல் ஆட்களுக்கும் இந்தத் தொல்லை தெரியும். பத்து லட்சத்துக்கும் மேல் கமிட் உள்ள ரெப்போ அது. அதனால் கெர்னல் டாட் ஆர்க் தளத்திலேயே முழு ரெப்போவையும் ஒரே பண்டல் ஃபைலாக வைத்திருக்கிறார்கள். அது சாதாரண ஃபைல் என்பதால் டபிள்யூகெட் என்ற டவுன்லோடு கருவி வைத்து விட்டு விட்டு இறக்கலாம். அதிலிருந்து க்ளோன் செய்துவிட்டு (முழுப் பிரதி எடுத்துவிட்டு), ரிமோட் முகவரியை மாற்றி, மிச்சத்துக்கு மட்டும் ஃபெட்ச் போட்டால் போதும். எங்கள் குழுவிலும் அதே வழிதான். வீட்டில் ஃபைபர் உள்ள புண்ணியவான் ஒருவர் பண்டல் செய்து பென் டிரைவில் கொடுப்பார். அந்த ஃபைலையே ரிமோட் போல நினைத்து ஃபெட்ச் தன் வேலையைச் செய்யும். நெட்டே இல்லாமல் ஃபெட்ச் செய்ய முடிகிறது என்பதற்காகவே அரை மதிப்பெண் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், பென் டிரைவ் தேடி அலைந்தது நான்தானே.

டேட்டா மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. டிரை ரன் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். பெயரைப் பார்த்தால் எதுவும் இறங்காது என்றுதான் தோன்றும். ஆனால் பிராஞ்ச் குறிகளை நகர்த்தாதே தவிர, ஆப்ஜெக்ட்கள் (கமிட்களும் ஃபைல்களின் உள்ளடக்கமும்) இறங்கிவிடும். இறக்காமல் எட்டிப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் எல்எஸ்-ரிமோட் போடுங்கள்.

தானாக ஃபெட்ச் செய்யும் வசதி பற்றி. விஎஸ் கோடு எடிட்டரில் ஆட்டோ ஃபெட்ச் உண்டு. நாமாக இயக்கினால் வழக்கமாக 180 நொடிக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரும். டேட்டா பெரிதாகத் தின்னாது. நான் அணைத்து வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. ரீபேஸ் செய்த பிராஞ்சை ஃபோர்ஸ் வித் லீஸ் என்ற ஆப்ஷன் கொடுத்து புஷ் செய்வது (சர்வருக்கு அனுப்புவது) பாதுகாப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். அது பார்ப்பது, ரிமோட் பிராஞ்ச் நான் கடைசியாக ஃபெட்ச் செய்த இடத்திலேயே நிற்கிறதா என்பதைத்தான். எனக்குத் தெரியாமல் பின்னணியில் ஃபெட்ச் ஓடினால் அந்தக் கடைசி இடம் சத்தமில்லாமல் முன்னால் நகர்ந்துவிடும். நான் பார்க்கவே பார்க்காத சக ஊழியரின் கமிட்டை, நான் பார்த்துவிட்டதாக நினைத்து, புஷ் அதன் மேலேயே ஏறி அழித்துவிடும். இது வதந்தி இல்லை, கிட் புஷ்ஷின் கையேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள். 2.30 பதிப்பில் வந்த ஃபோர்ஸ் இஃப் இன்க்ளூட்ஸ் ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஓட்டை அடைபடும். கிட் மெயின்டனன்ஸ் என்ற பின்னணிப் பராமரிப்பு வசதி செய்யும் முன்கூட்டிய ஃபெட்ச் இதைவிடப் பண்பானது. மணிக்கொரு முறை இறக்கினாலும் வந்ததைத் தனி இடத்தில் வைத்துவிடும், ஆரிஜின்/மெயினைத் தொடாது. பிறகு நாம் ஃபெட்ச் போடும்போது பெரும்பாலும் கையிலேயே இருக்கும். பெரிய ரெப்போ, நல்ல லைன் என்றால் அதைப் போட்டு வையுங்கள்.

ப்ரூன் (ரிமோட்டில் இல்லாமல் போன பிராஞ்ச் குறிகளை நம்மிடமும் நீக்குவது) ஏன் இயல்பாகவே இயங்குவதில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. ரிமோட்டில் அழித்த பிராஞ்செல்லாம் நம்மிடம் அப்படியே கிடக்கும். 'டெஸ்ட்-2-ஃபைனல்-புதுசு' மாதிரிப் பெயர்கள் குவிந்துவிடும். இதில் தொந்தரவும் உண்டு. ஃபிக்ஸ் என்று முன்பிருந்த பிராஞ்சை அழித்துவிட்டு, யாராவது ஃபிக்ஸ்/லாகின் என்று புதிதாகத் தொடங்கினால், பழைய பெயர் வழியை மறித்துக்கொண்டு ஃபெட்ச் தோற்றுப்போகும். கான்ஃபிகில் ஃபெட்ச் டாட் ப்ரூனை ட்ரூ என்று ஒரு முறை வைத்துவிட்டால் தீர்ந்தது.

விலை ஒன்றுமில்லை. டெர்மினல் பயம் உள்ளவர்களுக்கு பெரும்பாலான எடிட்டர்களில் ஃபெட்ச் மெனுவுக்குள் இருக்கிறது, கொஞ்சம் தேட வேண்டும். விஎஸ் கோடில் கண்ணுக்கு நேராக இருக்கும் சின்க் பட்டன் அது இல்லை. அது புல்லும் புஷ்ஷும் சேர்ந்தது. எங்கள் குழுவுக்குப் புதிதாக வருபவர்களிடம் முதல் மாதம் அந்தப் பட்டனை அழுத்தாதீர்கள் என்று சொல்லித்தான் லேப்டாப்பையே கையில் கொடுக்கிறோம்.