கத்தும் மேனேஜர்: புகாரா, ராஜினாமாவா, டீம் மாற்றமா?

கத்தும் மேனேஜரிடம் மாட்டிக்கொண்டால் ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. "ஹெச்ஆரிடம் போ" என்பார் ஒருவர். "பேப்பர் போட்டுவிட்டு வா" என்பார் இன்னொருவர். பெரிய ஐடி நிறுவனங்களில் மூன்றாவது வழியும் உண்டு: அங்கேயே வேறு புராஜெக்டுக்கு மாறுவது. நான் போனது அந்த வழியில்தான், அதனால் அதன் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன்.

நேரில் கேட்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது எப்படியும் முதலில் செய்ய வேண்டியது. எங்கள் மேனேஜரிடம் தனியாகக் கேட்டபோது, "மனசுல வச்சுக்காதப்பா, நான் எல்லார்கிட்டயும் இப்படித்தான்" என்றார். அடுத்த வாரமே கிளையன்ட் லைனில் இருக்கும்போது, "இதுகூடத் தெரியாம இத்தனை வருஷமா என்ன குப்பை கொட்டுன?" என்றார். தமிழில் கேட்டதால் கிளையன்டுக்குப் புரியவில்லை. டீமில் எல்லோருக்கும் புரிந்தது.

முதலில் ஹெச்ஆர். முறையான புகார் வரை நான் போகவில்லை, வாய்வார்த்தையாகப் பேசியதோடு சரி. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "குறிப்பா ஒரு சம்பவம் சொல்லுங்க." 'எப்போதும் கத்துகிறார்' என்பது அங்கே எடுபடாது. எந்தத் தேதி, எந்த மீட்டிங் அல்லது ஃபோன் கால், என்ன வார்த்தை, யார் யார் இருந்தார்கள் என்று இருந்தால்தான் பேச்சே நகர்கிறது. பிறகு இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சமாதானம் பேசலாம் என்றார்கள். வேலையை மதிப்பிடும் அப்ரைசலுக்கு ரேட்டிங் போடப்போகிறவர் எதிரில் உட்கார்ந்து எவ்வளவு பேசிவிட முடியும்? நான் மறுத்துவிட்டேன். இதே வழியில் நியாயம் கிடைத்தவர்களும் இருக்கலாம். எனக்குத் தெரிந்தவர்களில் யாரும் இல்லை.

ராஜினாமாதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. ஆனால் என் முடிவை மாற்றியது நோட்டீஸ் பீரியட். இங்கே பல ஐடி நிறுவனங்களில் அது 90 நாள். அந்த 90 நாளும் அதே மேனேஜருக்குக் கீழேதான், இந்த முறை 'போகிற ஆள்' என்ற பெயரோடு. முன்கூட்டியே விடுவிப்பதும், நாட்களைப் பணம் கட்டிக் கழிக்க அனுமதிப்பதும், கேடி (நம் வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது) முடிந்தது என்று கையெழுத்துப் போடுவதும் பெரும்பாலும் அவரே. புதிய இடத்தில், பழைய நிறுவனம் விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் கேட்பார்கள், சில இடங்களில் பழைய மேனேஜரையே கூப்பிட்டு விசாரிப்பார்கள். யாரிடமிருந்து தப்பிக்கக் கிளம்பினோமோ அவர் கையிலேயே சாவி. பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) பாருங்கள்: நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 வருடத் தொடர் பணி வேண்டும். நாலு வருடம் ஓட்டியவர் கோபத்தில் பேப்பர் போட்டால் நஷ்டம் அவருக்குத்தான்.

டீம் மாறினால் பணித்தொடர்ச்சி அறுவதில்லை, வருங்கால வைப்பு நிதிக் கணக்கை மாற்றும் வேலையும் இல்லை. நிறுவனத்துக்குள்ளேயே வரும் உள்வேலை அறிவிப்புக்கு விண்ணப்பிப்பதைப் பற்றி யாரும் ஏன் எதற்கு என்று துருவுவதில்லை. "வேற டெக்னாலஜி கத்துக்கணும்" என்று சொன்னால் போதும், குற்றச்சாட்டே வேண்டாம். இதிலும் பழைய மேனேஜர் விடுவிக்க இழுத்தடிப்பார், என்னுடையவரும் இழுத்தார். ஆனால் அந்தப் பக்கம் ஆள் வேண்டும் என்று நச்சரிக்க இன்னொரு மேனேஜர் இருந்தார். ராஜினாமா செய்பவருக்காக உள்ளே அப்படி யாரும் மல்லுக்கட்ட மாட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: போகும் டீமில் இருப்பவருடன் ஒரு டீ குடித்துவிட்டு முடிவெடுங்கள். அங்கே இருக்கும் மேனேஜர் இவருக்கு அண்ணனாக இருந்துவிடப் போகிறார்.

குறை என்றால், கத்துகிறவர் அங்கேயேதான் இருக்கிறார். என் இடத்துக்கு வந்த பையனும் அதே கத்தலைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வெறும் முரட்டுப் பேச்சுக்குத்தான். பாலியல் தொல்லை என்றால் கணக்கே வேறு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட பெண், சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை தன்னையோ எதிர்த்தரப்பையோ இடம் மாற்றச் சொல்லிக் கேட்கலாம், 3 மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பலர் பார்க்கச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்த இரண்டிலும் டீம் மாறிவிட்டுப் பேசாமல் இருக்கச் சொல்ல மாட்டேன்.

இருபது முப்பது பேர் உள்ள நிறுவனத்தில் மாறுவதற்கு வேறு டீமே இருக்காது, மேனேஜரே முதலாளியாகவும் இருப்பார். பயிற்சிக் காலத்தில் இருப்பவருக்கு நோட்டீஸும் பெரும்பாலும் குறைவு. இந்த இரு சாராருக்கும் என் கணக்கு பொருந்தாது. அடுத்த வேலையின் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் கிளம்புவதே மேல்.